அரிப்புக் கரையில் நின்ற படகுகள்

1

இந்த வருடத்துக் கடற்கரைப் பயணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். சிஸ்டர் அருள்மேரி தன் உருண்டைக் கையெழுத்தில் எழுதிச் சாப்பாட்டு அறைக் கதவில் ஒட்டியிருக்கிறார்: தொண்டர்களுக்கு ஒருநாள் ஓய்வு, அரிப்புக் கடற்கரை, தொப்பி கொண்டு வரவும். அரிப்பு என்பது மன்னாருக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊர். அதைப் படித்துக்கொண்டு நின்றபோதுதான் ஒரு வருடம் ஓடிவிட்டது என்று உறைத்தது. போன வருடம் இதே பயணத்தின் காலையில்தான் செல்வராசு இறந்தார். செல்வராசு என் கணவர்.

கோயமுத்தூரில் இருக்கும் பழைய தோழிகள் 'சிலோன்ல கடலோரமா இருக்கே, குடுத்து வச்சவ' என்று எழுதுகிறார்கள். நான் இருப்பது கடலோரத்தில் இல்லை. மன்னார்த் தீவுக்கு இந்தப் பக்கம், உயிலங்குளத்தில், வயலுக்கும் குளத்துக்கும் நடுவே கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் இல்லத்தில் இருக்கிறேன். முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனவர்கள் இங்கே தங்குகிறார்கள். சண்டையில் அடிபட்டவர்கள் பாதி. பனையிலிருந்து விழுந்தவர்களும் மோட்டார் சைக்கிளில் மோதியவர்களும் மீதி. நான் பிசியோதெரபிஸ்ட். சம்பளம் கிடையாது. சாப்பாடு, ஓர் அறை, ஜன்னலுக்கு வெளியே ஒரு கொக்குக் கூட்டம்.

காலையில் முதல் வேலை, குண்டூசியோடு கட்டில் கட்டிலாகப் போவது. காலில் லேசாகக் குத்தி, "தெரியுதா?" என்று கேட்பேன். "தெரியேல்லை மிஸ்" என்பார்கள். கொஞ்சம் மேலே குத்துவேன். "இஞ்ச தெரியுது." அந்த இடத்தில் பேனாவால் கோடு போடுவேன். வந்த புதிதில் ஒருவரின் அம்மாவிடம், "உங்க பையன்கிட்ட நான் பேசறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா பதறிப்போய், "அவன் நல்ல பிள்ளை, பேசாதேங்கோ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இங்கே பேசுவது என்றால் திட்டுவது. நம்முடைய பேச்சு இங்கே கதை. இப்போது நானும் கதைக்கிறேன், ஆனால் வாயைத் திறந்த ஐந்தாவது சொல்லில் கொங்குநாடு எட்டிப் பார்த்துவிடுகிறது.

2

விசா பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு நான் ஊருக்குப் போகாததற்கு அதுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

வருடத்துக்கு ஒருமுறை என் பாஸ்போர்ட் கொழும்புக்குப் போய்விடும். இல்லத்திலிருந்து ஒரு கடிதம், மேற்றிராணியார் என்று இங்கே சொல்கிற ஆயரின் அலுவலகத்திலிருந்து ஒன்று, அமைச்சிலிருந்து ஒன்று, மூன்றும் ஒரே நாளில் ஒரே கந்தோரில் ஒரே மேசையில் சந்தித்துக்கொள்ள வேண்டும். அவை சந்தித்துக்கொள்வதே இல்லை. ஒருமுறை நானே நேரில் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சம்பளம் என்ற இடத்தில் நான் போட்ட பூஜ்யத்தைப் பார்த்து, பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். சம்பளம் வாங்காமல் ஒருத்தி நாடு விட்டு நாடு வந்து வேலை செய்கிறாள் என்றால் அவள் ஏதோ மறைக்கிறாள் என்பது அவர்கள் முடிவு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. என் மகனும் அப்படித்தான் நினைக்கிறான்.

நானும் செல்வராசுவும் பிரிந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. சண்டை என்று பெரிதாக எதுவும் இல்லை. அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது, அவர் போனார், நான் என் ஆஸ்பத்திரி வேலையை விட்டுப் போகவில்லை. முதலில் வாரம் ஒருமுறை வந்தார், பிறகு மாதம் ஒருமுறை, பிறகு யாரும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்விட்டது. வக்கீல் வீட்டுப் படி ஏறவில்லை. அதற்கும் கொஞ்சம் உற்சாகம் வேண்டியிருக்கிறது. மகன் கார்த்தி அப்பாவோடு இருந்து படித்தான். வேலை கிடைத்ததும் அவரைக் கோயமுத்தூருக்கே கூட்டிவந்து சரவணம்பட்டியில் ஒரு அடுக்குமாடியில் குடிவைத்தான். நான் கடல் தாண்டிய பிறகு எனக்கும் அவனுக்கும் இருந்த பேச்சு பொங்கலுக்கு ஒரு பானைப் படம், தீபாவளிக்கு ஒரு விளக்குப் படம் என்று சுருங்கிப்போயிற்று. நானும் பதிலுக்கு ஒரு படம் அனுப்புவேன்.

3

அன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கார்த்தியிடமிருந்து செய்தி வந்தது. 'அப்பா காலமாகிட்டார். ஹார்ட். உனக்குத் தெரியணும்னு சொன்னேன்.' நான் வாயைக் கொப்பளித்துவிட்டு, 'சரி' என்று பதில் அனுப்பினேன். வேறு என்ன எழுதுவது என்று யோசித்துப் பார்த்தேன்.

சிஸ்டர் அருள்மேரியிடம் சொன்னேன். அவர் மன்னார்த் தீவுக்காரர், கடற்காற்றிலேயே வளர்ந்த கனத்த குரல்.

"ஐயோ மிஸ். நீங்கள் இண்டைக்கு ஒரு இடமும் வர வேண்டாம். நான் நிக்கிறன், சப்பலில இருந்து செபிப்பம்."

"பரவால்ல சிஸ்டர், வரேன். ரூம்ல உக்காந்து என்ன பண்ணப்போறேன்?"

"ஊருக்குப் போகேலாதோ?"

"பாஸ்போர்ட் கொழும்புல இருக்கு."

சொல்லும்போது அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று கவனித்தேன். பாஸ்போர்ட் கையில் இருந்திருந்தால் போவதா வேண்டாமா என்று முடிவு செய்திருக்க வேண்டும். வர வேண்டாம் என்று கார்த்தி எழுதவில்லை. வா என்றும் எழுதவில்லை.

வேனில் நாங்கள் ஐந்து பேர். நான், சிஸ்டர், யாழ்ப்பாணத்திலிருந்து ஆறு மாதத் தொண்டுக்கு வந்திருந்த இரண்டு பெண்பிள்ளைகள், ஓட்டுநர் மரியதாஸ். மரியதாஸுக்கு அரிப்புதான் ஊர். கடற்கரையில் குளித்துவிட்டு அவர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு என்பது ஏற்பாடு. புறப்படும் முன்பு முற்றத்தில் நின்று அவர் மனைவி ரஞ்சியோடு போனில் கத்திக் கதைத்துக்கொண்டிருந்தார்.

"கேக்குதே? மிஸ்ஸின்ர அவர் மோசம் போயிட்டாராம். ஓம், இண்டைக்குத்தான். நாங்கள் வாறம். ஹலோ? ஹலோ?"

தொடர்பு அறுந்துவிட்டது. அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.

முருங்கன் தாண்டியதும் வயல் முடிந்து புதர் மண்டிய பற்றைக்காடு வந்தது. பிறகு ஆற்றுப் பாலம், பிறகு உப்பு வெளி. பெண்பிள்ளைகள் இருவரும் மடியில் ஒரு காற்றடைத்த பந்தை வைத்திருந்தார்கள். எனக்கு நடந்தது தெரிந்ததால் அதை எங்கே மறைப்பது என்று தெரியாமல் துவாயால் மூடினார்கள். பந்து பெரிது, துவாய் சின்னது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

4

மரியதாஸ் வீடு கடற்கரையை ஒட்டிய ஒரு மணல் சந்தில் இருந்தது, இங்கே ஒழுங்கை என்பார்கள். ஒழுங்கை திரும்பியதும் அவர் வண்டியை நிறுத்தினார். வேலி நெடுகக் கயிறு கட்டி வெள்ளைக் கொடியும் கறுப்புக் கொடியும் மாறி மாறித் தொங்கின. வாசலில் தார்ப்பாய்ப் பந்தல். பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரைகள், கதிரைகளில் வெள்ளை உடுத்திய ஆட்கள்.

மரியதாஸ் என்ஜினை நிறுத்தவில்லை. கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினார். ஐம்பது வயது மனிதர், ஒரு காலில் செருப்பில்லாமல் அந்த மணலில் ஓடியதைப் பார்த்தேன். உள்ளேயிருந்து ரஞ்சி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மரியதாஸ் அவர் இரண்டு தோள்களையும் பிடித்தார்.

"உனக்கு ஒண்டுமில்லையே? பிள்ளையள் எங்க? ஆர் செத்தது?"

"ஏன் இப்பிடி ஓடி வாறியள்? நீங்கள்தானே போனில சொன்னனீங்கள். மிஸ் எங்க?"

நடந்தது இதுதான். என் கணவர் இறந்துவிட்டார், நாங்கள் வருகிறோம் என்பதுவரை ரஞ்சிக்குக் கேட்டிருக்கிறது. நான் இல்லத்தில்தான் வசிக்கிறேன் என்பது தெரியும், என் கணவர் எங்கே வசித்தார் என்பது யாருக்கும் தெரியாது. துக்கக்காரி வந்து உட்காரும் வீடுதான் செத்த வீடு என்பது இங்கே வழக்கம். துக்கக்காரி தன் வீட்டுக்கு வருகிறாள், சவமும் பின்னால் வரும் என்று ரஞ்சி எடுத்துக்கொண்டார். தண்ணீர்க் குழாயடியில் சொன்னார். அது மாதா கோயிலுக்குப் போயிற்று. கோயிலில் துக்க மணி அடித்து, மரியதாஸ் வீட்டில் மரணம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள்.

"சவம் இஞ்ச வராது பிள்ளை. அது இந்தியாவிலயெல்லோ" என்றார் சிஸ்டர்.

ரஞ்சி கொடிகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நேராக என்னிடம் வந்து என் கையைப் பிடித்தார். "சவம் வராட்டி என்ன சிஸ்டர், சவத்துக்குரிய ஆள் வந்திட்டாதானே. வாங்கோ மிஸ், இருங்கோ."

நான் உட்கார்ந்தேன். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் ரஞ்சி சமைக்கவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து பால் கலக்காத பிளேன்ரீயும் பாண் என்கிற ரொட்டியும் சம்பலும் வந்தன. எனக்கு முன்பின் தெரியாத பெண்கள் ஒவ்வொருவராக வந்து என் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பெண் என் தோளில் சாய்ந்து அழவே ஆரம்பித்துவிட்டார். அவருடைய ஆள் கடலில் போனவராம், உடல் கிடைக்கவில்லையாம். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவருடைய இடது தோள்பட்டை இறுகிப்போயிருக்கிறது, பயிற்சி கொடுக்க வேண்டும் என்றுதான் என் மனதில் ஓடியது. எனக்கு அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று முயன்றும் பார்த்தேன்.

கரூர்ப் பக்கம் நான் பிறந்த ஊரில் ஒரு சாவு என்றால் தெருவே கூடும். சரவணம்பட்டியில் நான் கடைசியாகக் கார்த்தியைப் பார்க்கப் போயிருந்தபோது கீழ்த்தளத்தில் ஒருவர் இறந்திருந்தார். லிஃப்டில் என்னோடு இறங்கியவர்கள் சாப்பாட்டுப் பையோடு ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். யார் இறந்தது என்று கேட்டேன். சி பிளாக்காக இருக்கும் என்றார் ஒருவர்.

5

பந்தலிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். கரை முழுக்கப் படகுகள் மூக்கை மணலில் வைத்து நின்றன. மத்தியானம் கடந்தால் வலை விடப் போகிற படகுகள் அவை. ஒன்றும் இறங்கவில்லை. ஊரில் சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை எந்தப் படகும் கடலுக்குப் போகக்கூடாது என்பது இங்கத்தைய சட்டம். மீறினால் மீனவர் சங்கம் கணக்குக் கேட்கும். அதை எனக்குச் சொன்னது யாழ்ப்பாணப் பிள்ளைகளில் ஒருத்தி. அதற்குள் படகுகளுக்குப் பக்கத்தில் சத்தம் பெரிதாகிவிட்டது.

கத்தியவர் பெயர் சூசை. ஒல்லியான, அறுபது வயதுக்காரர்.

"இந்தியாவில ஒருத்தர் செத்ததுக்கு அரிப்பில தொழில் நிப்பாட்டுறதோ? போன மாசம் அவங்கட றோலர் படகு வந்து என்ர வலையை அள்ளிக்கொண்டு போச்சுது. அதுக்கு ஆர் நிப்பாட்டினது? அவங்கள் நிப்பாட்டினவங்களோ?"

சங்கச் செயலாளர் அந்தோனிப்பிள்ளை நிதானமானவர். "மணி அடிச்சாச்சு சூசை. அடிச்ச மணியைத் திருப்பி எடுக்கேலாது."

"ஐஸ் கரையுது. பிந்தினால் பக்கத்துச் சிலாவத்துறைக்காரர் வலை விடுற இடமெல்லாம் பிடிச்சிடுவாங்கள்."

"சவம் எடுத்தாப் போகலாம். எத்தினை மணிக்கெண்டு கேட்டுச் சொல்லுறன்."

அவர் பந்தலுக்கு வந்து என் முன்னால் தலைத் துணியை எடுத்துவிட்டு நின்றார்.

"மிஸ், குறை நினையாதேங்கோ. உங்கட ஊரில எத்தினை மணிக்கு எடுக்கினம்?"

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை. ஒரு வாக்கியம் சொன்னால் இவர்களை அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. சொன்னால் கதிரைகளை அடுக்கிவிடுவார்கள், கொடியை அவிழ்த்துவிடுவார்கள், யாரும் என் கையைத் தொட வரமாட்டார்கள். அதை நான் விரும்பவில்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

"அண்ணே, நானும் அவரும் ஒண்ணா இல்லைங்க. பிரிஞ்சு ரொம்ப வருஷம் ஆச்சு. நீங்க படகை எடுத்துக்கிட்டுப் போங்க."

அந்தோனிப்பிள்ளை யோசித்தார்.

"பிரிஞ்சு எழுதினனீங்களோ?"

"இல்லைங்க."

"அவர் வேற கலியாணம் கட்டினவரோ?"

"இல்லை."

"நீங்கள்?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப அவர் உங்கட அவர்தான்" என்றார். ஒரு சந்தேகம் தீர்ந்த மாதிரி. "நேரத்தை மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ."

பின்னால் வந்து நின்ற சூசையும் எதிர்க்கவில்லை. "போனை எடுங்கோ மிஸ்" என்றார் எரிச்சலாக. "கரை முழுக்க உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்குது."

6

கார்த்தியைக் கூப்பிட்டுப் பேசி எவ்வளவு காலமாயிற்று என்று நினைவில்லை. முதல் முறை எடுக்கவில்லை. பந்தலில் எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். இரண்டாம் முறை எடுத்தான்.

"சொல்லு."

"கார்த்தி, எத்தனை மணிக்கு எடுக்கறீங்க?"

"எதுக்கு? நீ வரப்போறியா?"

"இல்ல. பாஸ்போர்ட் இல்ல. இங்க கேக்கறாங்க."

"யார் கேக்கறாங்க?"

"மீன் பிடிக்கறவங்க. அப்பாவை எடுக்கற வரைக்கும் இவங்க கடலுக்குப் போகமாட்டாங்களாம். படகெல்லாம் நிக்குது."

பேசி முடித்தபிறகுதான் நான் சொன்னது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகக் கேட்டிருக்கும் என்று புரிந்தது.

"அப்பாவுக்கா?"

"அப்பாவுக்குத்தான்."

"எத்தனை படகு?"

திரும்பிப் பார்த்தேன். "கரை பூராவும்."

நம்பாமல் வீடியோவுக்கு மாற்றச் சொன்னான். நான் போனைக் கடல் பக்கம் திருப்பிக் காட்டினேன். கொடியைக் காட்டினேன். கதிரைகளில் இருந்தவர்கள் போனைப் பார்த்து எழுந்து நின்றார்கள். திரையில் கார்த்தியின் முகம் சின்னதாகத் தெரிந்தது. தாடி வளர்ந்திருந்தது. அவனுக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர், ஒரு ஆம்புலன்ஸ் கதவு.

"மூணு மணிக்கு ஸ்லாட்" என்றான். "எலக்ட்ரிக் சுடுகாடு. இங்க மூணு பேர்தான் இருக்கோம்மா. ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர், நான். அசோசியேஷன்ல லிஃப்ட்ல கொண்டுபோகக் கூடாதுன்னுட்டாங்க. படியில தூக்கிட்டு எறங்கினோம்."

எத்தனை மாடி இறங்கியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மூன்று மணி என்று அந்தோனிப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் இறந்தவரின் பெயரைக் கேட்டார். சிறிது நேரத்தில் கோயில் ஒலிபெருக்கியில், கோயமுத்தூர் செல்வராசுவின் இறுதிக் கிரியை மூன்று மணிக்கு, அதன் பிறகு தொழிலுக்குப் போகலாம் என்று சொன்னார்கள். கார்த்தி இணைப்பில்தான் இருந்தான். இன்னொரு தடவை சொல்வார்களா என்று கேட்டான்.

7

மூன்று மணி ஆனதும், "உள்ள அனுப்பிட்டாங்க" என்றான் கார்த்தி. நான் அந்தோனிப்பிள்ளையைப் பார்த்துத் தலையசைத்தேன். அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். ஆட்கள் எழுந்து படகுகளுக்குப் போனார்கள். தோளைக் கொடுத்துத் தள்ளும் சத்தம், பிறகு என்ஜின்கள், பிறகு மண்ணெண்ணெய் வாடை. சிஸ்டர் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மணலில் நடந்தார். பந்து வேனிலேயே கிடந்தது.

நான் போனைப் பிடித்தபடி நீர்க்கரைக்குப் போனேன். கார்த்தி பார்த்துக்கொண்டிருந்தான். படகுகள் சிறிதாகிச் சிறிதாகிப் போயின. ஒரு படகு மட்டும் அப்படியே நின்றது. அதன் விளிம்பில் சூசை உட்கார்ந்திருந்தார்.

"என்ஜின் கோளாறாங்க?" என்று கேட்டேன்.

"இல்லை. மகன் என்ன சொன்னவர்?"

"உள்ள அனுப்பிட்டாங்களாம்."

"அனுப்பினது சரி. எரிஞ்சு முடிஞ்சுதோ?"

"இல்லை. இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்னு நினைக்கறேன்."

சூசை வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். "மண்ணுக்குப் போறதெண்டா மூடினவுடன முடிஞ்சுது. அது எங்களுக்குத் தெரிஞ்ச விசயம். நெருப்புக்கு எதை முடிவெண்டு வைக்கிறதெண்டு அந்தோனிப்பிள்ளைக்கும் தெரியாது, பங்குச் சுவாமிக்கும் தெரியாது. மணியை அடிச்சுப்போட்டு அரைகுறையில போறதே? முடியட்டும். பிறகு போறன்."

"சிலாவத்துறைக்காரங்க இடம் பிடிச்சிருவாங்களே."

"பிடிக்கட்டும்."

கார்த்திக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. "யாரும்மா அது?"

"சூசைன்னு ஒருத்தர்."

"அப்பாவைத் தெரியுமா அவருக்கு?"

"தெரியாது."

அவன் முகம் திரையிலிருந்து விலகியது. கூரையும் ஒரு மின்விசிறியும் தெரிந்தன. அவன் அழுவது கேட்டது. சின்ன வயதில் அழுவதைப் போல மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதான். எனக்கு நெஞ்சுக்குள் எங்கோ வலித்தது. வலிக்கிறது என்று தெரிந்ததே எனக்கு நிம்மதியாக இருந்தது.

"ஃப்ரெண்ட்ஸ் கிளம்பிட்டாங்க" என்றான். "பெஞ்சுல நான் மட்டுந்தான் இருக்கேன். போனை வச்சிறாத."

"வைக்கமாட்டேன் சாமி."

படகின் நிழலில் மணலில் உட்கார்ந்தேன். அவன் பக்கத்தில் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம், என் பக்கத்தில் அலை. வெகுநேரம் கழித்து சூசை என்னைப் பார்த்து, முடிந்துவிட்டதா என்று கையால் கேட்டார். இன்னும் இல்லை என்று தலையாட்டினேன். அவர் கைலியை ஒதுக்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.